சாயுற இறக்கைக்கு முட்டு

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் கோட்டைப்பட்டினத்தில் எனக்கு இரட்டை வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். பலகை மாற்றுவது, இன்ஜின் இறக்குவது, பெயின்ட் அடிப்பது என்று படகுத்துறை ஒரு பக்கம் பரபரக்க, படகிலிருந்து கழற்றிய ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட் எல்லாம் கோணிப்பையில் என் கடைக்கு வந்து சேரும். உப்புக் காற்றில் பச்சை பூத்த போர்டுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து ஈயம் வைப்பது பகல் வேலை. அடுத்த வேலை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். அதற்குக் கூலி கிடையாது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாலடி இறக்கை வைத்த விமானம் ஒன்றை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி மேற்கே போவேன். அங்கே ஒரு கண்மாயின் உள்வாய், கோடையில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதுதான் என் ஓடுதளம்.

கடற்கரையிலேயே பறக்கவிடலாமே என்று கேட்பார்கள். மணல் மோட்டாருக்குள் போனால் பேரிங் போச்சு. தண்ணீரில் விழுந்தால் உப்பு, சர்வோவின் வயிற்றை ஒரே ராத்திரியில் தின்றுவிடும். நல்ல தண்ணீரில் அலசி, ஸ்பிரிட் ஊற்றிக் காயவைத்துப் பிழைத்த ரிசீவர்கள் என்னிடம் இரண்டு உண்டு. பிழைக்காதவற்றை எண்ணவில்லை.

கண்மாய்க்கு வருகிறவர்கள் யாரும் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பி வருவதில்லை. ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர் நிற்பார். வலை பொத்திவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற இரண்டு பேர் நிற்பார்கள். மலேசியாவிலிருந்து லீவில் வந்திருக்கிற மாப்பிள்ளை, புதுப் பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டுவார். முதல் கேள்வி எப்போதும் “இது எவ்வளவு?” இரண்டாவது, “எவ்வளவு தூரம் போகும்?” மூன்றாவது, “கேமரா இருக்கா?” இத்தனை வருஷமாக இந்த வரிசை மாறவில்லை. மூன்றாவது கேள்வி மட்டும் கல்யாண வீடுகளில் ட்ரோன் வந்த பிறகு சேர்ந்தது.

ஆரம்பத்தில் முதல் கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்வேன். ரேடியோ இவ்வளவு, மோட்டார் இவ்வளவு, ஸ்பீடு கண்ட்ரோலர், பேட்டரி, சார்ஜர், நாலு சர்வோ என்று விரல் விட்டு எண்ணிக் கூட்டுத்தொகை சொல்வேன். கேட்டவர் “ஓ” என்பார். அந்த “ஓ”வோடு கதை முடிந்துவிடும். கடைக்காரன் புத்தி அது. வந்தவரை நான் வாடிக்கையாளராகவே பார்த்தேன். அவர் சும்மா நின்று வேடிக்கை பார்க்க வந்தவர். வேடிக்கை பார்க்க வந்தவருக்கு விலைப்பட்டியல் எதற்கு? இப்போது விலை கேட்டால், “முதல்ல இதைப் பிடிங்க” என்று கையில் ரேடியோவைக் கொடுத்துவிடுகிறேன். எனக்கும் ஒருவர் அப்படித்தான் கொடுத்தார்.

திருச்சியில் கல்லூரி படித்தபோது என்சிசி விமானப் பிரிவில் இருந்தேன். பால்சா கட்டை, அதன் வாசனை, கையில் நூல் பிடித்து வட்டமாகச் சுற்றவிடும் கண்ட்ரோல் லைன் விமானம் எல்லாம் அங்கேதான் பார்த்தேன். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் கலந்து ஓடும் சின்ன டீசல் இன்ஜின் ஒன்று எங்களிடம் இருந்தது. அந்த ஈதர் நெடி இன்றைக்கும் ஆஸ்பத்திரி வராண்டாவில் நடந்தால் என்னைத் திருச்சிக்குக் கொண்டுபோய்விடும். ஆனால் பார்த்ததோடு சரி. இன்ஜினைச் சுண்டிக் கிளப்பவும் நூலைப் பிடிக்கவும் சீனியர்கள் இருந்தார்கள். நாங்கள் பெட்டி தூக்கினோம்.

பிறகு சிங்கப்பூர். கப்பல் பட்டறையில் எலக்ட்ரிகல் வேலை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகும்போது ஒரு திடலில் விமானங்கள் சுற்றுவதைப் பார்த்து இறங்கிவிட்டேன். கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே இருந்தவர்களுக்கு நான் நிற்பது தெரியும். அடுத்த ஞாயிறும் நின்றேன். அதற்கு அடுத்த ஞாயிறும். யாரும் என்னைத் துரத்தவில்லை, கூப்பிடவும் இல்லை. அப்போதெல்லாம் ரேடியோவில் சேனல் தகராறு உண்டு. ஒரே சேனலில் இரண்டு பேர் ரேடியோவைப் போட்டால் பறக்கிற விமானம் தலைகுப்புற விழும். அதனால் பலகை ஒன்றில் சேனல் எண் எழுதிய கிளிப்புகள் தொங்கும். கிளிப் எடுத்தவர் மட்டுமே ரேடியோவைப் போட வேண்டும். வேலிக்கு வெளியே நின்று அந்தப் பலகையின் நடைமுறையை நான் முழுசாகப் படித்துவிட்டேன். படகு வயர்லெஸ்ஸில் ஒரே சேனலில் நாலு பேர் கத்துவதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது புரியாதா?

நாலாவது ஞாயிறு, சீனப் பெரியவர் ஒருவர் வேலியோரம் வந்தார். தொப்பி, முழங்கால் வரை கால்சட்டை, காலில் ரப்பர் செருப்பு. “யூ வாண்ட் டு ட்ரை?” அவ்வளவுதான் கேட்டார். பெயர் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. அவர் ரேடியோவையும் இன்னொரு ரேடியோவையும் ஒரு கேபிளால் இணைத்து, இரண்டாவதை என் கையில் வைத்தார். அவர் விரல் ஒரு சுவிட்சை அழுத்தியிருக்கும் வரை விமானம் என்னுடையது. விரலை எடுத்தால் அவருடையது. நாற்பது விநாடி ஓட்டியிருப்பேன். அதில் முப்பது விநாடி விமானம் என்னை ஓட்டியது. இறக்கி முடித்ததும் பெரியவர் ஒரு கேன் சோயாப் பாலை நீட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவரிடம்தான் பிறகு இரண்டு வருஷம் கற்றுக்கொண்டேன். அவர் அன்றைக்கு என்னிடம் “என்ன மாடல் வைத்திருக்கிறாய்?” என்று கேட்டிருந்தால், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ் ஏறியிருப்பேன்.

2006 கடைசியில் ஊருக்கு வந்தபோது பெட்டியில் ஒரு ரேடியோவும் கழற்றி மடித்த விமானமும் இருந்தன. இரண்டு மாதம் ஆசையாகப் பறக்கவிட்டேன். 2007 மார்ச் 26 அன்று கட்டுநாயக்கா விமானத் தளத்தில் புலிகளின் விமானம் குண்டு போட்டது. எங்கள் கரைக்கு எதிர்க் கரை இலங்கை. இங்கே கடலில் எதுவும் மிதக்கக் கூடாது, வானத்தில் எதுவும் பறக்கக் கூடாது என்று ஆளுக்கு ஆள் பயந்த காலம். செய்தியை டிவியில் பார்த்த அன்று ராத்திரியே என் அத்தா ஒரு வார்த்தை பேசாமல் விமானத்தைப் போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். ரேடியோவை உம்மாவின் பழைய பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினார். எனக்கும் மறுபேச்சுப் பேசத் தோன்றவில்லை. போர் முடிந்து, அதற்குப் பிறகும் சில வருஷம் கழித்துத்தான் அதை இறக்கினேன். பேட்டரி உப்பிப்போய்த் தலையணை மாதிரி இருந்தது. இறக்கையில் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

அதற்குள் இந்த உலகமே மாறிவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்துவிட்டது. ரேடியோவும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் பத்துப் பேர் ஓட்டினாலும் குறுக்கே வராது. கிளிப் பலகைக்கு வேலை இல்லை. பெட்ரோல், ஈதர் நெடி போய், பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் வந்தன. சும்மா நிற்கிறவரைக் கூப்பிட்டுக் கையில் கொடுக்க இந்த மாற்றம்தான் வழி செய்தது. முன்பெல்லாம் இன்ஜினைக் கிளப்பவே அரை மணி ஆகும். அதற்குள் வேடிக்கை பார்க்க வந்தவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

எங்கள் ஊருக்கு ஒரு வசதி உண்டு. விமானம் செய்யும் சாமான் தெருவிலேயே கிடக்கும். நண்டும் இறாலும் ஐஸ் போட்டு அனுப்புகிற தெர்மோகோல் பெட்டியின் மூடி இறக்கைக்கு ஆகும். வில் மாதிரி வளைத்த மூங்கிலில் நிக்ரோம் கம்பி கட்டிச் சூடேற்றினால் தெர்மோகோல் வெண்ணெய் மாதிரி அறுபடும். இரண்டு மூடியை ஒட்டி, நடுவில் மூங்கில் சிம்பு கொடுத்து, மேலே பிரவுன் டேப் இழுத்தால் நாலடி இறக்கை. சுக்கானுக்குப் போகும் தள்ளுகம்பிக்கு சைக்கிள் போக்ஸ் கம்பி. கீல் வேண்டிய இடத்தில் தங்கூசி நரம்பால் தைத்துவிடலாம். வலை பொத்துகிறவர் கை அதை அரை நிமிஷத்தில் முடித்துவிடும்; நான் பத்து நிமிஷம் குத்திக்கொண்டிருப்பேன். பசை விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. ஒரு பையன் ஆர்வத்தில் குயிக் பசையை ஊற்றிவிட்டான். தெர்மோகோல் புகைந்து உள்வாங்கி, இறக்கை நடுவில் ஒரு உள்ளங்கைக் குழி. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தெர்மோகோலுக்கு வெள்ளைப் பசைதான். ஒரு ராத்திரி காயணும். பொறுமை இல்லாதவனுக்கு அதுவே முதல் பாடம்.

இப்படிச் செய்த விமானம் பேட்டரியோடு சேர்த்து எழுநூறு கிராம் தேறும். 2212 மோட்டார், பத்து இன்ச் புரொப்பல்லர், மூன்று செல் பேட்டரி. பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பறக்கும். இறக்கை உடம்புக்கு மேலே, நுனி இரண்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அப்படி இருந்தால் கையை விட்டாலும் தானாக நிமிரும். பார்க்க ஒரு லட்சணமும் இருக்காது. ஒரு பக்கம் பெட்டியில் அச்சடித்த எழுத்துகூடத் தெரியும். அந்த அவலட்சணம் எனக்கு வேண்டும். பளபளவென்று இருந்தால் புதியவர் ரேடியோவைத் தொடவே பயப்படுவார். மீன் பெட்டி மூடியை உடைத்ததற்காக யார் வருத்தப்படப் போகிறார்கள்?

சரி, வந்தவரை என்ன செய்கிறேன்? விமானத்தை நானே கிளப்பி, மூன்று தென்னை உயரத்துக்கு ஏற்றி, நேராக வைத்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிடுவேன். உயரம்தான் புதியவருக்கு மெத்தை. கீழே இருந்தால் தப்பைத் திருத்த நேரம் இருக்காது. கேபிள் போட்ட இரண்டாவது ரேடியோ அவர் கையில். “இடது வலது மட்டும் பாருங்க. வேற எதையும் தொடாதீங்க.” இறக்கையின் தத்துவம், காற்றழுத்தம், ஈர்ப்பு மையம் ஒன்றும் சொல்வதில்லை. அதையெல்லாம் இரண்டாம் முறை வருகிறவருக்குச் சொன்னால் போதும்.

விமானம் நம்மை விட்டுப் போகும்போது யாரும் தடுமாறுவதில்லை. அது திரும்பி நம்மை நோக்கி வரும்போதுதான் சங்கதி. அதன் வலது நமக்கு இடதாகிவிடும். மூளை சொல்வதைக் கை கேட்டால் விமானம் எதிர்ப்பக்கம் போகும். புத்தகங்களில் இதற்கு, விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள் என்று எழுதியிருப்பார்கள். எனக்கு அது ஒருநாளும் உதவியதில்லை. சிங்கப்பூர்ப் பெரியவர் கையாலேயே காட்டியதை நான் எங்கள் பேச்சில் இப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன்: “சாயுற இறக்கைக்கு முட்டுக் கொடு.” எதிரே வருகிற விமானத்தில் எந்தப் பக்கத்து இறக்கை தொங்குகிறதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ள வேண்டும். சாய்கிற பந்தலுக்குக் கழி ஊன்றுகிற மாதிரி. இடது வலது கணக்கே வேண்டாம். படகு சாய்ந்தால் முட்டுக் கொடுத்து நிறுத்துகிற ஊரில் இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. சொன்னவுடன் கை செய்கிறது.

கற்றுக்கொள்ள வருகிறவர்களில் இரண்டு ஜாதி உண்டு. செல்போனில் கேம் ஆடுகிற பையன்கள் ஒன்று, போட்டு ஓட்டுகிறவர்கள் இன்னொன்று. பையன்களின் விரல் சும்மா இருக்காது. விமானம் பதில் சொல்வதற்குள் அடுத்த உத்தரவு போய்விடும். அது கோழி தலையை ஆட்டுகிற மாதிரி ஆடிக்கொண்டே பறக்கும். அவர்களிடம் “ரெண்டு எண்ணிட்டுத் தொடு” என்பேன். போட்டு டிரைவர்களின் கோளாறு நேர் எதிர். பெரிய படகில் சுக்கானைத் திருப்பினால் திரும்புவதற்கு நேரம் எடுக்கும். திரும்பி முடிகிற வரை பிடித்துக்கொண்டே இருப்பார்கள். விமானத்தில் அப்படிப் பிடித்தால் சாய்வு கூடிக்கொண்டே போகும், மூக்கு தாழும், கடைசியில் சுழன்று தரைக்கு வரும். “சுக்கானைத் திருப்பு, அது சாய ஆரம்பிச்சதும் நடுவுக்கு விட்டுடு” என்று ஒரு தடவை சொன்னால் போதும். அவர்கள் கைக்கு அவசரம் கிடையாது. என் அனுபவத்தில் இந்த ஊரில் மிகச் சீக்கிரம் கற்றுக்கொண்டவர்கள் ஐம்பது வயதைத் தாண்டிய டிரைவர்கள்தான்.

காற்றைப் பற்றி நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுமில்லை. அவர்கள் எனக்குச் சொன்னது நிறைய. வாடை எப்போது அடங்கும், கச்சான் எப்போது கிளம்பும், சோளகம் கிளம்பினால் பகலில் பறக்கவிடாதே, காலையில் கரைக் காற்றுக்கும் மதியம் கடல் காற்றுக்கும் நடுவில் ஒரு அரை மணி அசையாமல் நிற்கும், அதைப் பிடி என்று சொன்னவர்கள் அவர்கள். விமானத்தைக் காற்றுக்கு எதிரே ஏற்றி காற்றுக்கு எதிரே இறக்க வேண்டும். புதியவர்கள் பாதிப்பேர் இதை மறந்து பின்காற்றில் இறக்கப் பார்த்து, கருவேலங்காட்டில் போய்ச் செருகுவார்கள். பாய் விரித்த காலத்து ஆட்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இந்தத் தப்பு வராது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. பேட்டரி மாட்டிவிட்டால் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. முதலில் ரேடியோ போடணும், அப்புறம் பேட்டரி மாட்டணும். கழற்றும்போது முதலில் பேட்டரி, கடைசியில் ரேடியோ. என் வலது கை ஆள்காட்டி விரலில் குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. மேஜை மேல் விமானத்தை வைத்து, போன் பேசிக்கொண்டே ரேடியோவின் குச்சியை முழங்கையால் தள்ளினேன். நாலு தையல். வந்தவர் யாராக இருந்தாலும், ஹஜ்ரத்தாக இருந்தாலும், முதலில் இந்தத் தழும்பைக் காட்டிவிடுவேன். பேச்சைவிட அது சீக்கிரம் புரிகிறது.

என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். பதினைந்து வயதுப் பையன். அவன் அத்தா சவுதியிலிருந்து லீவில் வரும்போது ஒரு ஜெட் விமானம் வாங்கி வந்திருந்தார். சாம்பல் நிறம், கூர் மூக்கு, மடங்குகிற சக்கரம், வயிற்றுக்குள் விசிறி. அதைப் பெட்டியோடு கடைக்குக் கொண்டுவந்தார்கள். அப்பன் முகத்தில் இருந்த சந்தோஷம் மகன் முகத்தில் இருந்ததைவிட அதிகம். அது புதியவருக்கான விமானமே இல்லை. இறக்கை சின்னது, எடை அதிகம், வேகம் குறைந்தால் அந்த இடத்திலேயே கல் மாதிரி விழும். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வரவில்லை. ரேடியோவைப் பொருத்திக் கொடுத்தேன், எடைச் சமநிலை பார்த்துக் கொடுத்தேன், டிரிம் வைத்துக் கொடுத்தேன். தான் திரும்பிப் போக வேண்டிய நாள் நெருங்குகிறது, பையனே ஓட்டட்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்றார் அவர். அந்த ரேடியோவுக்கு என் கேபிள் பொருந்தாது. சரி என்றேன்.

ஆறு விநாடி இருக்கும். ஏறியது, இடது பக்கம் சாய்ந்தது, பையன் பயந்து குச்சியை முழுக்க இழுத்தான், அது முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் அடித்தது. சத்தம் கேட்டு ஆடுகள் சிதறின. அத்தா ஒன்றும் சொல்லவில்லை. போனை அணைத்துவிட்டு, உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். சின்னச் சில்லுகளைக்கூட விடவில்லை. பையன் கருவேல மரத்தடியிலேயே நின்றான். கிட்டே வரவில்லை. அதற்குப் பிறகு என் கடை இருக்கிற பக்கமாகக்கூட அவன் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தப் பெட்டியைக் கடையிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, மீன் பெட்டி விமானத்தை அவன் கையில் கொடுத்திருந்தால் அரை மணியில் சிரித்திருப்பான். புதியவரின் முதல் விழுதல் என் விமானத்தில், என் செலவில் நடக்க வேண்டும் என்று நான் வைத்திருக்கிற சட்டம் அந்தச் சாயங்காலத்தில் பிறந்தது.

ட்ரோன் வந்த பிறகு இன்னொரு குழப்பம். ட்ரோன் ஓட்டிப் பழகிய கல்யாண வீடியோக்காரர்கள் வருவார்கள். கையை எடுத்தால் ட்ரோன் இருந்த இடத்தில் நிற்கும். உள்ளே ஜிபிஎஸ்ஸும் கணக்குப் போடுகிற சில்லும் இருக்கின்றன. விமானம் நிற்காது. நின்றால் விழும். அது புரிகிற வரை அவர்கள் கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். கேபிள் இருப்பது அதற்காகத்தான்.

சட்டத்தையும் கேட்கிறார்கள், நியாயம்தான். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. மைக்ரோவைத் தொழிலுக்காக இல்லாமல் ஓட்டினால் பைலட் உரிமம் வேண்டியதில்லை. அதற்காக இஷ்டம்போல் பறக்கலாம் என்று அர்த்தமில்லை. எந்த வானம் திறந்தது, எது மூடியது என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்க வேண்டும். பச்சைப் பகுதியிலேயே 400 அடிதான் எல்லை. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் ஓட்ட வேண்டும். கடலோர ஊரில் இன்னும் ஒரு படி மேலே போய், நான் போலீசுக்குச் சொல்லிவிடுவேன். ஒருமுறை யாரோ தகவல் கொடுத்து இரண்டு காவலர்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். விமானத்தைப் புரட்டிப் பார்த்து, கேமரா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பெட்டி மூடியில் செய்தது என்று தெரிந்ததும் சிரித்துவிட்டார்கள். இளையவர் தொப்பியைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு ஒரு சுற்று ஓட்டினார். பெரியவர் மட்டும் கடைசி வரை கையைக் கட்டிக்கொண்டே நின்றார்.

“அஜித் ஓட்டுவாரே, அதுதானே?” என்று வருகிற கூட்டம் தனி. எனக்கு அதில் குறையே இல்லை. குரோம்பேட்டை எம்ஐடியில் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார் என்று சொல்லி நான் கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள். அதே எம்ஐடியின் தக்‌ஷா குழுவுக்கு நடிகர் அஜித் ஆலோசகராக இருந்தார், 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் வந்தது என்றால் நாற்பது பேர் வருவார்கள். கலாம் எங்கள் கரைக்குத் தெற்கே இருக்கிற ராமேஸ்வரத்துக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைப்பேன். நடிகருக்காக வந்தவன் முட்டுக் கொடுக்கக் கற்றுக்கொண்டு போனால் எனக்கு என்ன நஷ்டம்?

எல்லோரும் ஓட்டத்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தம்பியைக் கூட்டிக்கொண்டு போக வந்து நின்றவள். ரேடியோவை நீட்டினால் வாங்க மாட்டாள். ஆனால் விமானம் விழுந்ததும் முதலில் ஓடுவது அவள்தான். எங்கே ஒடிந்தது, ஏன் அங்கே ஒடிந்தது என்று பார்ப்பாள். இறக்கையின் நடுச்சிம்பு இரண்டு முறை ஒரே இடத்தில் ஒடிந்ததைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இங்க சிம்பு முடியுது, அதான் இங்கயே ஒடியுது. ரெண்டு ஜாண் நீளமாப் போடுங்க” என்றாள். போட்டேன். அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஒடியவில்லை. ரேடியோவால் விமானம் ஓட்டிய முன்னோடிகளான அமெரிக்காவின் குட் சகோதரர்களிலேயே வால்ட்டர் விமானத்தைச் செய்தார், வில்லியம் ரேடியோவைச் செய்தார். 1937-இல் அவர்கள் பறக்கவிட்ட ‘கஃப்’ இன்றைக்கு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கேயும் அப்படித்தான், அக்கா செய்கிறாள், தம்பி ஓட்டுகிறான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கடைக் கூரையோடு என் விமானங்கள் எல்லாம் போயின. அதற்குப் பிறகு முதலில் பறந்தது அவள் ஒட்டியதுதான்.

வந்தவர்களில் திரும்ப வருகிறவர்கள் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். முன்பு அது எனக்கு வருத்தமாக இருக்கும். யாருக்காக இத்தனை பேட்டரி சார்ஜ் போடுகிறேன் என்று தோன்றும். இப்போது அந்தக் கணக்கை விட்டுவிட்டேன். மலேசியா மாப்பிள்ளை இரண்டு நிமிஷம் ஓட்டிவிட்டுப் போனார். அடுத்த லீவுக்கு வந்தபோது கடை வாசலில் வண்டியை நிறுத்தி, “எங்க கம்பெனில எல்லார்கிட்டயும் சொன்னேன் பாய், நான் பிளேன் ஓட்டியிருக்கேன்னு” என்றார். மறுபடி ஓட்டணுமா என்று கேட்டேன். வேண்டாமாம். ஒரு தடவை போதுமாம்.

ஒரே ஒருவர் மட்டும் ஆறு வருஷமாகத் தடைக்காலத்துக்குத் தடைக்காலம் வருகிறார். போட்டு டிரைவர், எனக்கு மாமா முறை. வருஷத்தில் பத்து மாதம் ரேடியோவைத் தொடுவதே இல்லை. ஏப்ரலில் வந்து நிற்கும்போது கை கொஞ்சம் துருப்பிடித்திருக்கும். மூன்றாம் நாள் சரியாகிவிடும். கேபிளெல்லாம் இரண்டாம் வருஷமே அவருக்குத் தேவைப்படவில்லை. சுற்றுவது, தலைகீழாகப் போடுவது ஒன்றும் செய்ய மாட்டார். ஏற்றுவார், கண்மாயை நாலு சுற்று சுற்றுவார், இறக்குவார்.

போன ஜூன் 13. மறுநாள் ராத்திரியோடு தடை முடிகிறது. படகுகளில் ஐஸும் டீசலும் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அந்த அவசரத்திலும் மாமா அஸர் தொழுகைக்குப் பிறகு வந்துவிட்டார். நாலு சுற்று சுற்றினார். ஐந்தாவதுக்குப் போகாமல் விமானத்தைத் தெற்கே தள்ளிக்கொண்டு போனார். நான் வழக்கமாக மேற்கிலிருந்து இறக்குவேன். “என்ன மாமா?” என்றேன். “காத்து மாறிருச்சு மாப்ளே, உனக்குத் தெரியலையா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. கருவேல இலைகூட அசைந்த மாதிரி இல்லை. தெற்கிலிருந்து தாழ்ந்து வந்த விமானம் கடைசி இரண்டு பாகத் தூரத்தில் மூக்கை லேசாகத் தூக்கி, பாளம் வெடித்த தரையில் சறுக்கி, என் பெட்டிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

“டேய், பேட்டரியக் கழட்டு மொதல்ல, முன்னால போகாத” என்று பக்கத்தில் நின்ற பையனை அதட்டிவிட்டு ரேடியோவை என்னிடம் கொடுத்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பியவர் நின்று திரும்பினார்.

“ஆமா, இது எவ்வளவுடா வரும் எல்லாம் சேத்து?”

ஆறு வருஷத்தில் முதல் முறையாகக் கேட்கிறார். சொன்னேன். ரேடியோவோடு சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும் என்றேன்.

“ஒரு தடவ கடலுக்குப் போற டீசல் காசுகூட வரல. இத்தன வருஷம் சொல்லவே இல்லையே நீ” என்று முறைத்துவிட்டு, ஐஸ் வண்டி காத்திருக்கும் என்று வேகமாக நடந்தார்.